உன் கேள்விகளுக்கு நான் அனுப்பும் புத்தகங்கள்

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை என்றும், ஆலயத்தில் எல்லோரும் பாடும்போது நீ மட்டும் வெளியே நிற்பதுபோல் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். உன் தோழியின் குழந்தை இறந்த பிறகு தொடங்கியது இது. பின்பு பரிணாமம், பழைய ஏற்பாட்டுப் போர்கள், உயிர்த்தெழுதல் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. மறைக்காமல் எழுதினாயே, அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். உன்மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

புத்தகங்கள் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். ஆனால் வாசிக்கத் தொடங்கும் முன் உன் கேள்விகளை நீயே கொஞ்சம் பிரித்துப் பார். சில கேள்விகள் அறிவிலிருந்து எழுபவை, சில காயத்திலிருந்து எழுபவை. வெளியே வரும்போது இரண்டும் ஒரே சொற்களில்தான் வரும்: "கடவுள் நல்லவர் என்றால் இது ஏன் நடந்தது?" காரணம் தேடுகிறவளுக்கு ஆறுதல் வார்த்தை போதாது. அழுதுகொண்டிருக்கிறவள் கையில் வாதநூலைக் கொடுத்தால் அது அவளை இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடும்.

இந்த வேறுபாட்டை ஒரே மனிதரிடம் பார்க்கலாம். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல் 'தி ப்ராப்ளம் ஆஃப் பெயின்' என்ற நூலை எழுதினார். துன்பம் நிறைந்த உலகில் அன்பான கடவுளை நம்ப முடியுமா என்பதைத் தெளிந்த தலையோடு ஆராயும் நூல் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1960இல், அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தார். அந்த நாட்களில் அவர் நோட்டுகளில் எழுதிவைத்தவை 1961இல் 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்று வெளிவந்தன. அட்டையில் லூயிஸின் பெயர் இல்லை; என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில் வந்தது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் கடவுளின் கதவு முகத்துக்கு நேரே அறைந்து சாத்தப்படுகிறது என்று அதில் எழுதுகிறார். கடவுள் இல்லை என்று ஆகிவிடுமோ என்பதைவிட, கடவுள் இப்படிப்பட்டவர்தானோ என்று நினைத்துவிடுவேனோ என்பதே அவருடைய பயமாக இருந்தது. முதல் நூலின் வாதங்கள் பொய்யாகிவிட்டன என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் அவை அவருக்குத் துணை நிற்கவில்லை. உனக்கு இப்போது வேண்டியது இரண்டாவது நூல். மெல்லிய புத்தகம்தான்.

அதோடு சேர்த்து நிக்கலஸ் வோல்டர்ஸ்டார்ஃப் எழுதிய 'லமென்ட் ஃபார் எ சன்' நூலையும் வைத்துக்கொள். அவர் தத்துவப் பேராசிரியர், வாழ்நாள் முழுவதும் வாதங்களோடு வாழ்ந்தவர். 1983இல் அவருடைய மகன் எரிக் மலை ஏறும்போது விழுந்து இறந்தான். வயது 25. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வெளிவந்த அந்த நூலில், தன்னிடம் விளக்கம் எதுவும் இல்லை என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். விசுவாசத்தையும் விடவில்லை, துக்கத்தையும் சுருக்கவில்லை. பிள்ளைகளைப் பெற்றவளாக இதை வாசிக்க எனக்குப் பல இடங்களில் கடினமாக இருந்தது. ஆனாலும் உனக்கு இதைக் கொடுக்கத் தயங்கமாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே வேதம் உனக்கு இடம் கொடுத்திருக்கிறது. 88ஆம் சங்கீதத்தைத் திறந்து பார். ஆறுதலான வரி எதுவும் வராமலே, நண்பர்களும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு அது முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பாட்டையும் தேவ ஜனங்கள் தங்கள் ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் கடவுளுக்காக வாதாடினார்கள். யோபு கடவுளோடு வழக்காடினான். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் யார்மேல் கோபப்படுகிறார் என்று பார். மத்தேயு 28ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்தவரைச் சீஷர்கள் பணிந்துகொண்ட அதே வசனத்தில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று இருக்கிறது. சந்தேகப்பட்டவர்களை அவர் தனியே ஒதுக்கி நிறுத்தவில்லை. 'நீங்கள் புறப்பட்டுப்போய்' என்ற கட்டளை அந்தக் கூட்டம் முழுவதற்கும் கொடுக்கப்பட்டது. உன்னிடம் யாராவது விசுவாசக் குறைவு என்று சொன்னால் இந்த வசனத்தை நினைத்துக்கொள்.

அறிவின் கேள்விகளுக்கு வருகிறேன். பொதுவாகத் தொடங்க டிம் கெல்லரின் 'தி ரீசன் ஃபார் காட்' (2008) நல்லது. நியூயார்க்கில் போதகராக இருந்தவர்; எதிர்ப்பவர்களின் கேள்வியை அவர்களைவிடக் கூர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டே பதில் சொல்லத் தொடங்குவார். அறிவியல் பற்றி, மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் காலின்ஸ் எழுதிய 'தி லாங்வேஜ் ஆஃப் காட்' (2006) இருக்கிறது. நாத்திகராக இருந்து விசுவாசத்துக்கு வந்த மருத்துவர். பரிணாமத்தை அவர் ஏற்றுக்கொள்கிறார், அதனால் சபையில் சிலருக்கு இந்தப் புத்தகம் பிடிக்காது. நீ வாசித்து முடிவு செய். உயிர்த்தெழுதலைப் பற்றிப் புதிய ஏற்பாட்டு அறிஞர் என். டி. ரைட் 2003இல் எழுதிய புத்தகம் எழுநூறு பக்கங்களுக்கும் மேல் போகிறது. இப்போது அதைத் தொடாதே, நிதானம் வந்த பிறகு பார்க்கலாம். பழைய ஏற்பாட்டுப் போர்களுக்குப் பால் கோபனின் 'இஸ் காட் எ மாரல் மான்ஸ்டர்?' என்ற நூலைப் பலரும் சொல்வார்கள். சட்டங்கள் பற்றிய பகுதிகள் பயனுள்ளவை. அந்தப் போர்களில் இஸ்ரவேலர் எதிர்த்த கானானியர் பற்றிய பகுதிகள் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அந்தக் கேள்வி என்னிடம் இன்னும் திறந்தே இருக்கிறது, அதோடுதான் நான் ஆலயத்துக்குப் போகிறேன்.

எதிர்த் தரப்பையும் நேராக வாசி. நாத்திகத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் 1927இல் ஆற்றிய 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்ற உரையை, அதற்கு நம்மவர்கள் எழுதிய மறுப்பைப் படித்துவிட்டுத் தெரிந்துகொண்டதாக நினைக்காதே. அவர் சொன்னதை அவரிடமே கேள். சத்தியத்தை நம்புகிறோம் என்று சொல்லிவிட்டு ஒரு உரைக்கு அஞ்சுவது சரியில்லை. மாறாக, எல்லாச் சந்தேகமும் மறைவான பாவத்திலிருந்துதான் வருகிறது என்று சொல்லும் புத்தகம் எதுவானாலும் உடனே மூடிவிடு. அதை எழுதியவர் உன்னைப் போன்ற ஒருத்தியின் அருகில் உட்கார்ந்து கேட்டதே இல்லை.

கடைசியாக ஒரு நாவல். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்'. குழந்தைகளின் கண்ணீரை வைத்து அந்தச் சகோதரர்களில் ஒருவனான இவான் கடவுள்மேல் சாட்டும் குற்றத்தைவிடக் கடுமையான ஒன்றை நான் எந்த நாத்திகரிடமும் வாசித்ததில்லை. எழுதியவரோ கிறிஸ்துவை நேசித்தவர். 1878இல், மூன்று வயதுகூட நிறையாத தம் மகன் அல்யோஷாவைப் பறிகொடுத்து, அந்தப் பெயரையே நாவலின் இளைய சகோதரனுக்கு வைத்தார். இவான் பேசும்போது அல்யோஷா இடையிடையே மறுத்துச் சொன்னாலும், கடைசியில் வாதத்தால் அவனை வெல்லப் பார்ப்பதில்லை. எழுந்துபோய் அண்ணனை முத்தமிடுகிறான். அது பதிலா, பதில் இல்லாமையா என்று உன் அப்பாவும் நானும் பலமுறை பேசியிருக்கிறோம். அவர் இல்லாமை என்பார், நான் பதில் என்பேன். நீ எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஆசை.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்காதே. முதலில் லூயிஸின் அந்தச் சிறிய புத்தகம் மட்டும், ஒரு நாளைக்குச் சில பக்கங்கள். தனியாக வாசிக்காமல், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத மூத்தவர் ஒருவரைக் கண்டுபிடித்து அவரோடு பேசு. ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசி, அன்றைய ஜெபமாக அது போதும். உன் தோழிக்கு இவற்றில் எதையும் இப்போது அனுப்பாதே. யோபுவின் நண்பர்கள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த அந்த ஏழு நாட்கள்தான் அவர்கள் சரியாகச் செய்த காரியம். இந்த வாரமே அவளைப் போய்ப் பார்.

அன்புடன்,
உன் அம்மா