கேதார்நாத் போய் வந்தேன்

நாகர்கோவில்

அன்புள்ள தாணு,

நலம்தான், மூட்டுவலியைத் தவிர. ரொம்ப நாளாக எழுதவில்லை என்று திட்டாதே, நீயும்தான் எழுதவில்லை.

கேதார்நாத் போய் வந்தோம். தரிசனம் நன்றாகக் கிடைத்தது. சாமியை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று வீட்டுக்காரியிடம் இன்னும் பேச்சு வாங்குகிறேன். ஆயுசெல்லாம் சல்லிக்கும் மணலுக்கும் கணக்கு எழுதியவன் கண் வேறெங்கே போகும்?

பள்ளத்தாக்கின் ஓரமாக நம்ம சுசீந்திரம் குளத்துக் கரை போல நீளமான மேடு, உயரம் மட்டும் பல மடங்கு. சோராபாரி பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டி, பெருத்துக் கிடந்த காலத்தில் ஓரத்தில் ஒதுக்கிய கல்லும் மண்ணும் அது. பள்ளிக்கூடத்தில் மொரைன் என்று உருப்போட்டோமே, அதுதான். கிட்டே போனால் ஆளுயரப் பாறை, கைப்பிடிக் கல், மாவாக அரைபட்ட பொடி எல்லாம் ஒரே குவியல். ஆறு இப்படிப் போடாது. வேகம் குறையக் குறைய முதலில் கல், அப்புறம் மணல், கடைசியில் வண்டல் என்று இறக்கும். பனிக்கட்டிக்கு அந்த வேலையே தெரியாது, சுமந்ததை உருகும் இடத்தில் அப்படியே கொட்டிவிடும். உருகிய தண்ணீர்தான் பிறகு அதைக் கழுவி, சலித்து, கீழே பரப்புகிறது.

நீ உடனே மருந்துவாழ் மலையை இழுப்பாய். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகையில் சிந்தியது என்ற கதை உன் கணக்கில் இருக்கட்டும். அங்கே கிடக்கும் பாறைகள் அந்த மலையே வெயிலிலும் மழையிலும் உரிந்து உருண்டவை. பனியாறு தூக்கி வந்த கல்லோ பல நேரம் அடிப்பாறையோடு இனம் சேராது, அதை வைத்தே பிடித்துவிடுவார்கள்.

சரி, விளையாட்டு போதும். அந்த மேட்டுக்குப் பின்னால்தான் சோராபாரி ஏரி இருந்தது. நாம் குளத்துக்குக் களிமண் போட்டு இறுக்கிக் கரை கட்டுவோம், மிச்சத் தண்ணீர் வழிய மறுகால் வைப்போம். அங்கே பனியாறு விட்டுப்போன இளகிய குவியலே கரை. மழையும் உருகிய பனியும் சேர்ந்து ஏரி நிரம்பி, 2013 ஜூன் 17 காலையில் கரை உடைந்தது. ஊர் போயிற்று. கோயிலுக்குப் பின்னால் உருண்டு வந்து நின்று வெள்ளத்தைப் பிரித்த பாறையை பீம சிலா, அதாவது பீமன் பாறை, என்று கும்பிடுகிறார்கள். நானும் கும்பிட்டேன்.

உன் மகன் சிக்கிமில் அணை வேலைக்குப் போயிருக்கிறானாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அங்கே தெற்கு லோனாக் ஏரியும் இதே ரகம்தான். 2023 அக்டோபரில் பக்கத்து மொரைன் சரிந்து ஏரிக்குள் விழுந்தது, எழுந்த அலை கரையை உடைத்தது, கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் திட்டத்தின் அணையே அடித்துப் போனது. பையனைப் பயமுறுத்தாதே மக்கா. ஆனால் குவார்ட்டர்ஸ் ஆற்றோரமா மேட்டிலா, மேலே ஏதாவது ஏரி இருக்கிறதா, எச்சரிக்கைச் சங்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எனக்கு உடனே எழுது. ஆற்றோரம் என்றால் வாடகைக்காவது மேட்டில் வீடு பார்க்கச் சொல். பணம் குறைந்தால் என்னிடம் கேள், பழைய சைக்கிள் கடனோடு சேர்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
சுப்பு