ஏடிபி என்னும் கைக்காசு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாணவர் பக்கத்தில் வெளிவந்த உயிரணு பற்றிய கட்டுரையை, என்னிடம் துணைப்பாடம் படிக்கும் தொடக்கக்கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து வாசித்தேன். தமிழில் இத்தகைய கட்டுரைகள் தொடர்ந்து வரவேண்டும் என்ற ஆசையால்தான், 'உயிரணு தன் ஆற்றலை ஏடிபியில் சேமித்து வைக்கிறது' என்ற அதன் வாக்கியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

உயிரணுவின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான அடினோசின் டிரைபாஸ்பேட் எனப்படும் ஏடிபி, எந்த நேரத்திலும் நம் உடலில் ஏறத்தாழ 50 கிராம்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் உருவாகிச் செலவாகும் அளவை எல்லாம் கூட்டினால் அது நம் உடல் எடையை நெருங்கிவிடும். தேக்காவில் உள்ள மளிகைக் கடையின் கல்லாப்பெட்டியில் கிடக்கும் சில்லறை கொஞ்சமே என்றாலும், வருவதும் போவதுமாக அது அன்றைய வியாபாரம் முழுவதையும் நடத்திக் கொடுத்துவிடுகிறது அல்லவா? சேமிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரை சேர்த்துவைக்கப்படும் வடிவமான கிளைகோஜனை வங்கிக் கணக்கு என்றால், கொழுப்பை மத்திய சேம நிதி எனலாம். மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை பழுதடைவதற்கும் இதுவே காரணம். சர்க்கரையும் கொழுப்பும் உடலில் அப்படியே இருந்தும், ஆக்சிஜன் இல்லாமல் உயிரணுவுக்குள் உள்ள நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவால் ஏடிபியை உருவாக்க முடிவதில்லை, கையிருப்போ விரைவில் தீர்ந்துவிடுகிறது.

'பிணைப்பு உடைவதால் ஆற்றல் பிறக்கிறது' என்று கட்டுரை கூறுவதும் மாணவர்களைக் குழப்புகிறது. எந்த வேதிப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகவே செய்யும். ஏடிபியில் எதிர்மின்னேற்றம் கொண்ட மூன்று பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெருக்கமாக நிற்பதாலும், நீருடன் வினைபுரிந்து ஒரு பாஸ்பேட் பிரிந்தபின் உருவாகும் பொருள்கள் ஏடிபியைவிட நிலைத்தன்மை உடையவை என்பதாலும், கூட்டிக் கழித்துப் பார்க்கையில் ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளின் அளவைக் குறிக்கும் அலகு) சுமார் 30 கிலோஜூல் ஆற்றல் கிடைக்கிறது. அப்போது எஞ்சுவது அடினோசின் டைபாஸ்பேட். தமிழ் எழுத்தில் இதன் சுருக்கமும் 'ஏடிபி' என்றே வந்துவிடும் என்பதால், இதை மட்டும் எப்போதும் முழுப்பெயரால் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1929இல் ஏடிபியைத் தசையிலிருந்து கண்டறிந்தவர்கள் ஜெர்மனியின் கார்ல் லோமனும், அவரிடமிருந்து தனித்து ஹார்வர்டில் ஆய்வு செய்த சைரஸ் ஃபிஸ்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் ஆவர். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவரும் ஃபிஸ்கும் 1927இல் கண்டறிந்த கிரியேட்டின் பாஸ்பேட்தான், பள்ளி விளையாட்டு தினத்தில் 100 மீட்டர் ஓடும் பிள்ளையின் தசையில் ஏடிபி இரண்டு மூன்று நொடிகளில் தீர்ந்துவிடாதபடி உடனுக்குடன் ஈடுசெய்கிறது.

அடுத்த பகுதி மைட்டோகாண்ட்ரியா பற்றியது என அறிவித்திருக்கிறீர்கள். அதில் 'சேமித்து வைக்கிறது' என்பதை 'உருவாக்கி உடனே செலவிடுகிறது' எனத் திருத்தி, சுப்பாராவின் பெயரையும் சேர்த்து வெளியிட்டால் என் மாணவர்கள் பெரிதும் மகிழ்வார்கள்.

இப்படிக்கு,
துணைப்பாட ஆசிரியை ஒருவர்,
உட்லண்ட்ஸ்