47 நாள் கழிச்சு 64 ரூபா கேட்டு ஒரு லெட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க தெருல போட்ட தார் ரோடு ஒரு மழைக்கே பேர்ந்து ஜல்லி வெளிய வந்துருச்சு, சரி எவ்ளோ கனத்துக்கு போட்டதா எழுதி பில் எடுத்திருக்காங்கன்னு பாப்போமேன்னு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு, போட்ட வேலையோட அளவை எழுதி வைக்கற அளவுப் புத்தகத்தோட நகல் கேட்டேன். சட்டப்படி 30 நாள்ல பதில் வரணும். வந்தது 47வது நாள், அதுவும் என்ன, 32 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபா, 64 ரூபா கட்டுங்கன்னு.

கெடு தாண்டினா நகலை இலவசமா குடுக்கணும்னு அதே சட்டத்தோட 7(6) பிரிவு சொல்லுதேன்னு நேர்ல போய் கேட்டா, தகவல் குடுக்க வேண்டிய அதிகாரி ரொம்ப சாவகாசமா "அப்போ அப்பீல் போங்க சார்"ங்கறாரு. முதல் மேல்முறையீட்டை பாக்கப்போறதும் அதே ஆபீஸ்ல அவருக்கு மேல இருக்கற அதிகாரிதான்! அங்கயும் நடக்கலன்னா சென்னைல இருக்கற மாநில தகவல் ஆணையம், அங்க விசாரணை எப்போ வருமோ.

லேட் பண்ற அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போட இந்த 2005 சட்டத்துலயே இடம் இருக்கு. அதை ஆணையம் தயங்காம போட்டா போதும், 64 ரூபா எனக்கு பெருசில்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்