மழைக்கு முன்னால் கவனிக்க வேண்டிய சில வேலைகள்

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி குழுவில் சொத்து வரி, மனு, பிறப்புச் சான்றிதழ், புயல் உதவி பற்றி வந்த கேள்விகளுக்கு மொத்தமாக இங்கேயே பதில் போடுகிறேன்.

சொத்து வரி: இரண்டாம் அரையாண்டு அக்டோபரில் தொடங்கிவிட்டது. 31-ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. மாநகராட்சிக்கு நேரில் போகாமல் ஆன்லைனிலும் கட்டலாம்.

மனு கொடுக்க நினைப்பவர்களுக்கு: திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், செல் நம்பரை மறக்காமல் எழுதுங்கள். ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள். போன வருஷம் எங்கள் வீட்டு விண்ணப்பம் ஒன்று ஓர் அலுவலகத்தில் காணாமல் போனது. ஈரத்தில் மங்கிய அந்த ரசீதில் கடைசி நாலு எண் தெரிந்ததால்தான் தேடி எடுத்தார்கள். அன்றிலிருந்து ரசீது கைக்கு வந்ததும் போட்டோ எடுத்துவிடுகிறேன். அலைய முடியாதவர்கள் முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் செய்தே புகாரைப் பதியலாம்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயர் இல்லாதவர்கள்: பதிவான 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணமில்லை. அப்புறம் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பள்ளிச் சேர்க்கை வரை தள்ளிப்போடாதீர்கள்.

புயல், வெள்ளம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த ஊர் நமது, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கார்டு, பட்டா, ஆதாரை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் வையுங்கள்.

கடைசி வீட்டுப் பாட்டியின் முதியோர் பென்ஷன் மனு எழுத யாராவது ஞாயிறு காலை வர முடியுமா? கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு.