பிக் பெண்டுக்கு ஆர்.வி.யில் போகும் கார்த்திக்கு

அன்புள்ள கார்த்தி,

டிசம்பரில் சித்தப்பா, சித்தியைக் கூட்டிக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து மெக்சிகோ எல்லையில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போகிறாய், 30 அடி ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) வாடகைக்குப் பேசியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். கூடவே வண்டியை நிறுத்தித் தங்கும் ஏழெட்டு கேம்ப்கிரவுண்டுகளின் பெயரை அனுப்பி, "எதைப் போடட்டும் அண்ணா?" என்று கேட்டிருந்தாய். அதில் பாதியை இப்போதே அடித்துவிடலாம்.

"பிக் பெண்ட் அருகில்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதே. மேற்கு டெக்சஸில் அருகில் என்பதற்குக் கணக்கே வேறு. மாரத்தான் ஊரிலிருந்து பூங்காவின் நடுவில் உள்ள பேந்தர் ஜங்ஷனுக்கே சுமார் 70 மைல். ஆல்பைன் இன்னும் தூரம். வழியில் ஓர் இரவு படுத்து எழ இரண்டும் நல்ல ஊர்கள்தான். ஆனால் அங்கே தங்கி தினமும் போய் வருவேன் என்றால், விடுமுறை முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாய்.

அடுத்து பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சிசோஸ் பேசின். மலைக்கு நடுவே, 5,400 அடி உயரத்தில், படத்தில் பார்த்தால் மனசு அங்கேதான் போகும். அந்தப் பாதையில் 15 சதவீதச் சரிவும் கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. 24 அடிக்கு மேற்பட்ட ஆர்.வி. வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. உன்னுடையது 30. அதோடு முடிந்தது. அங்கே பெரிய கட்டுமான வேலையும் திட்டமிட்டிருக்கிறார்கள், அதனால் காரில் ஏறிப் பார்க்கப் போவதென்றாலும் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்.

மிஞ்சுவது பூங்காவின் கிழக்கே, எல்லையில் ஓடும் ரியோ கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள ரியோ கிராண்ட் வில்லேஜ். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு இடங்கள். ஒன்று காட்டன்வுட் மரங்களுக்கு அடியில் சுமார் 100 சைட்டுகள் கொண்ட கேம்ப்கிரவுண்ட். அழகான இடம், ஆனால் கரண்ட் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரைக் காலை 8 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம். இன்னொன்று கடைக்குப் பக்கத்தில் 25 வண்டிகளுக்கான தார் போட்ட இடம். பார்க்க ஒன்றுமில்லை, கார் நிறுத்துமிடம் மாதிரிதான் இருக்கும். ஆனால் பூங்காவுக்குள் கரண்ட், தண்ணீர், கழிவு என்று மூன்று இணைப்பும் கிடைப்பது அங்கே மட்டும்தான்.

நீ அந்த அழகில்லாத இடத்தையே பதிவு செய். பாலைவனம் என்றாலும் டிசம்பர் இரவில் நன்றாகவே குளிரும். வண்டியின் ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும், சூட்டை ஊதும் விசிறி பேட்டரியில்தான் சுற்றும். ஜெனரேட்டரை எட்டு மணிக்கு அணைத்துவிட்டால், விடியற்காலையில் பேட்டரி இறங்கி ஹீட்டரும் நின்றுவிடலாம். நீயும் நானும் இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவோம். முட்டிவலியோடு இரவில் எழும் சித்திக்கு அது சரிப்படாது. தவிர, சித்தி கண்டிப்பாக மிக்ஸியைப் பெட்டியில் வைத்திருப்பார், அதற்கும் கரண்ட் வேண்டும். மர நிழல் வேண்டுமென்றால் பக்கத்துக் கேம்ப்கிரவுண்டுக்கு நடந்து போய்க்கொள்ளலாம். அங்கே குளத்தின் மேல் ஒரு மரப்பாலம் இருக்கிறது, சித்தி மெதுவாக நடக்கலாம். சாயங்காலம் மெக்சிகோ பக்கம் சியரா டெல் கார்மென் மலைச்சுவர் சிவப்பதை உட்கார்ந்தே பார்க்கலாம்.

இனி மேற்குப் பக்கம். சாண்டா எலீனா பள்ளத்தாக்கைப் பார்க்காமல் வரக்கூடாது. ரியோ கிராண்ட் வில்லேஜிலிருந்து அது ஒரு பக்கமே 60 மைலுக்கு மேல், பூங்காவுக்குள் 45 மைல் வேகத்துக்கு மேல் போகவும் முடியாது. அதனால் ஒரே இடத்தில் எல்லா இரவும் தங்காதே. முதல் இரண்டு இரவு கிழக்கே, அடுத்த இரண்டு இரவு மேற்கு வாசலை ஒட்டிய ஸ்டூடி ப்யூட் அல்லது டெர்லிங்குவாவில். அங்கே தனியார் ஆர்.வி. பார்க்குகள் இருக்கின்றன, சரளைக்கல் தரைதான், ஆனால் முழு இணைப்பும் உண்டு. டெர்லிங்குவா பழைய பாதரசச் சுரங்க ஊர், இடிந்த கல்வீடுகளைப் பார்த்தால் சித்தப்பா கதை கேட்க ஆரம்பித்துவிடுவார்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம். தனியாக ஒரு கார் பின்னாலேயே வரட்டும். ஆர்.வி. மட்டும் இருந்தால், ஒரு பால் பாக்கெட் வாங்கக்கூட வீட்டையே கிளப்ப வேண்டும்: கரண்ட் கேபிளைச் சுருட்டி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி, கையுறை மாட்டிக் கழிவுக் குழாயைக் கழுவி, ரசப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி சிங்க்கில் வைத்து... காலையில் ஒரு மணி நேரம் இதிலேயே போகும். ரியோ கிராண்ட் வில்லேஜ் பக்கத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்குப் போகும் குறுகலான பாதையில் ஆர்.வி.யை விடவும் மாட்டார்கள்.

சாப்பாட்டை வெளி மேஜையில் வைக்காதே, ஜாவலீனா கூட்டம் வரும். பார்க்கக் காட்டுப்பன்றி மாதிரி இருக்கும், பொதுவாகச் சாதுதான், ஆனால் கூச்சம் கிடையாது. திரும்பும் வழியில் எல்லைக் காவல்படை சோதனைச் சாவடி உண்டு. எல்லோருடைய பாஸ்போர்ட், விசா தாள்களும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். போகியாஸ் துறையில் படகேறி மெக்சிகோ கிராமத்துக்குப் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால், திரும்ப உள்ளே வர விசா செல்லுமா என்று நிச்சயமாகத் தெரியாமல் கால் வைக்காதே.

கிறிஸ்துமஸ் வாரம் அந்த 25 இடமும் சீக்கிரம் போய்விடும், இன்றைக்கே தேதி பார். காரை ஓட்ட ஆள் கிடைக்காவிட்டால் சொல், லீவு போட்டுவிட்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்