மூன்று வருடம் பிந்திய நன்றி

அன்பான எல்லாருக்கும்,

இதை நான் 2022இலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது யாராவது வீட்டுப் படியேறி வந்தாலே எனக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வரும், நன்றி வாயில் வராது. போன கிழமை கிளினிக்கில் டொக்டர், "இனி ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வந்தால் போதும்" என்றார். அந்தத் தெம்பில்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இவர், என் கணவர், கடல்தொழில் செய்துவந்தவர், இருபது வருடமாக வெற்றிலையும் புகையிலையும் பழக்கம். நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஓரிடத்தில் காட்டினோம், விற்றமின் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள், மூன்று மாதம் வீணாகப் போனது. (இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை யாரும் சும்மா விடாதீர்கள். என்னிடமிருந்து வேறெதையும் கேட்காவிட்டாலும் இதை மட்டும் கேளுங்கள்.) புற்றுநோய் என்று சொன்ன அதே ஓகஸ்டில்தான் படகு எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. திருகோணமலைக் கரையில் எத்தனை படகு சும்மா கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் படகும் அதில் ஒன்று. எஞ்சினை விற்கலாம் என்றால் வாங்கவும் ஆள் இல்லை.

அந்த நேரத்தில் உதவினவர்கள் கையில் காசு இருந்தவர்கள் இல்லை, அதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த இவருடைய கூட்டாளிகள் ஐந்நூறு ஆயிரம் என்று சேர்த்து ஒரு கடிதஉறையில் போட்டு, பெயர் எழுதாமல், வாசலில் செருப்புக்குக் கீழே வைத்துவிட்டுப் போனீர்கள். யார் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்வதும் இல்லை.

கிண்ணியாவிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற நானா, பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், ஒவ்வொரு முறையும் எங்களை ரயில் நிலையத்துக்கு ஏற்றிப்போய் விட்டீர்கள். காசு நீட்டினால், "தங்கச்சி, திரும்பி வந்து தாங்க" என்று சொல்வீர்கள், திரும்பி வந்தால் வேறு கதை சொல்வீர்கள். உங்கள் வீட்டில் எங்களுக்காகத் துஆக் கேட்டதும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா பத்திரகாளி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்தீர்கள், நான் இரண்டு கையாலும் வாங்கினேன். எங்கள் சபையில் ஒரு சிலருக்கு இது பிடிக்காமல் இருக்கலாம். அந்தத் தாளுக்குள் இருந்தது அக்காவின் கண்ணீர், அதை வேண்டாம் என்று சொல்ல என் விசுவாசம் எனக்குக் கற்றுத்தரவில்லை.

அப்புறம் ஒரு உண்மை. கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்த பிறகு நான் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். கோபம்தான். "உன் வீட்டில் விசுவாசம் குறைவு, அதுதான் இந்த வருத்தம்" என்று ஒருவர் போன் எடுத்துச் சொன்னார். அவருக்கு இந்த மடலில் நன்றி இல்லை. மன்னித்துவிட்டேன், அதற்கே ஒரு வருடம் பிடித்தது. மகளைப் பார்க்க ஊருக்கு வரும் வழியில், இரவு ரயிலில் கல் ஓயா தாண்டும்போது, சபையில் மூத்த அக்கா ஒருவரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, நீ இப்போதைக்கு ஜெபிக்க வேண்டாம், உன் பங்கையும் நாங்கள் பார்க்கிறோம், நீ படு" என்றார். அன்றைக்கு விடியும்வரை தூங்கினேன், மூன்று மாதத்துக்குப் பிறகு. சமாதானம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ரயில் தூக்கம்தான் நினைவுக்கு வரும்.

அதே அக்காதான் கதிர்ச்சிகிச்சை நாட்களில், 33 நாளும், தினம் கொஞ்சமாக, வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தைப் போனில் வாசித்தார். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற இடம் வந்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. இவர் மூக்கில் குழாயோடு பால் குடிக்கிறார், எனக்கு என்ன சந்தோஷம்? அக்கா பொறுமையாகச் சொன்னார்: பவுல் இதைச் சிறையிலிருந்து எழுதினார், பிலிப்பியில் இருந்தவர்கள் அனுப்பிய உதவிக்கு அவர் எழுதிய நன்றிக் கடிதமும் இதுதான். அந்த உதவியைக் கொண்டுபோன எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குக் கிட்டப் போய்த்தான் பிழைத்தார், அவர் பிழைத்திருக்காவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுலே எழுதுகிறார். எனக்கு அந்த வரிதான் பிடித்தது. சந்தோஷமாயிருங்கள் என்று சொன்ன மனிதரும் ஒரு நோயாளியை நினைத்துப் பயந்திருக்கிறார், அப்படியென்றால் நான் பயந்துகொண்டே இருந்தாலும் எனக்கும் அதில் இடம் இருக்கிறது. அதன்பிறகு மெல்ல மெல்ல ஜெபிக்கத் தொடங்கினேன், பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு வரி, இரண்டு வரி.

மகரகமவில் எங்கள் வார்டில் இருந்த சிங்களத் தாதி அக்காவுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிங்களம் வராது, உங்களுக்குத் தமிழ் வராது. இருந்தும் நான் சாப்பிட்டேனா என்று கையால் கேட்காமல் நீங்கள் ஒரு இரவும் வேலை முடித்துப் போனதில்லை. இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால் நல்லது.

பாடகர் குழுவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் கரோல் பாட எங்கள் வீட்டுக்கு வருவோம் என்றபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இவர் உங்களோடு வருடக்கணக்காக டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடினவர், வாய் திறக்க முடியாமல் இருந்து கேட்பது கொடுமை என்று நினைத்தேன். நீங்கள் கேட்கவில்லை, வந்தீர்கள். இவர் முற்றத்தில் கதிரையில் இருந்து கைப்பிடியில் தாளம் போட்டார். இரண்டாம் பாட்டில் டெனர் ஒரு அடி பிந்தி எடுத்ததும் கையை உயர்த்திப் பாட்டையே நிறுத்திவிட்டு, விரலால் சுட்டி, முகத்தைச் சுளித்து, திருப்பி எடுக்கச் சொன்னாரே! முதலில் மகள்தான் சிரித்தாள். பிறகு எல்லாரும். அந்த வீட்டில் நாலு மாதமாக யாரும் சிரித்திருக்கவில்லை.

இப்போது இவர் கொஞ்சம் குழறிப் பேசுகிறார், உறைப்புச் சாப்பிட ஏலாது, கடலுக்கு மச்சான்தான் போகிறார். ஆராதனையில் பாடுகிறார். சுருதி சேராது, பின்வரிசையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மகளுக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து தந்த வீட்டுக்காரர்களுக்கு: மூடி நீலமான இரண்டு பெட்டி, ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி, அடியில் "ம" என்று கீறின ஒரு பீங்கான் கோப்பை எல்லாம் இன்னும் என் குசினியில்தான் இருக்கின்றன. பின்னேரத்தில் வாருங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.