அட்லாண்டிக் கரையோரம் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

புளோரிடாவில் கிளம்பி வட கரோலினா வரை, கடலை ஒட்டியே பத்து நாள் காரில் போய்விட்டு வந்தோம். துணிகூடத் துவைத்து மடித்தாயிற்று. உங்களுக்கெல்லாம் நன்றி சொல்வதுதான் பாக்கி.

செயின்ட் அகஸ்டின் நண்பரே, 1672இல் கட்டத் தொடங்கிய அந்த ஸ்பானியக் கோட்டையை நாங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருப்போம், அவ்வளவுதான். சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொன்னது நீங்கள். கல் முழுக்கச் சின்னச் சின்னச் சிப்பி! பீரங்கிக் குண்டு பட்டால் இந்தச் சிப்பிக்கல் நொறுங்காது, குண்டை உள்வாங்கிக்கொள்ளும் என்று நீங்கள் விளக்க, அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

சவான்னா அக்கா, முழங்கால் வலிக்கிற அப்பாவைச் சதுக்கம் சதுக்கமாக நிழலில் உட்கார வைத்து ஊரைக் காட்டினீர்கள். கிளம்பும்போது ஒரு டப்பா முறுக்கு வேறு. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறேன்.

சார்ல்ஸ்டனில் பையனுக்குக் காய்ச்சல். "குழந்தையை நான் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று கஞ்சி வைத்துக் கொடுத்து, மடியில் போட்டுக்கொண்ட அம்மாவுக்கு என்ன சொல்ல? 1861இல் உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் விழுந்த சம்டர் கோட்டைக்குப் படகில்தான் போக முடியும். நிம்மதியாகப் போய் வந்தோம் என்றால் அது உங்களால்தான்.

அப்புறம் ஹாட்டரஸ். கடல் அரித்துக்கொண்டே வந்ததால், அங்கிருந்த கலங்கரை விளக்கத்தை 1999இல் அப்படியே 2,900 அடி தள்ளி நகர்த்தி வைத்தார்கள். அது தூரத்தில் தெரிந்ததும் படம் எடுக்க வண்டியை ஓரங்கட்டினோம். ஓரமெல்லாம் மணல். முன்சக்கரம் இரண்டும் பாதிக்குமேல் புதைந்துவிட்டன. மாலை ஆறு மணி, பின்சீட்டில் அப்பாவும் பையனும்.

பிக்கப் வண்டியில் வந்த பெரியவரே, நீங்களாகத்தான் நிறுத்தினீர்கள். மண்டியிட்டுச் சக்கரத்தடி மணலை வாரினீர்கள். நான்கு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினீர்கள், கயிறு கட்டி மெதுவாக இழுத்தீர்கள். வண்டி வெளியே வந்ததும் போய்விடாமல், கையோடு வைத்திருந்த பம்பால் காற்றும் நிரப்பிக் கொடுத்தீர்கள். பணம் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். முறுக்கு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒன்றைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினீர்கள்.

மறுநாள் கிட்டி ஹாக் பக்கத்தில் ரைட் சகோதரர்கள் பறந்த இடம். 1903 டிசம்பர் 17, 12 விநாடி, 120 அடி. இறங்கிய இடத்தில் கல் நட்டிருக்கிறார்கள். பையன் அதுவரை ஓடிப் போய்த் தொட்டான். அன்று அவர்களோடு விமானத்தை நகர்த்த உதவியவர்கள் அந்தக் கரையின் உயிர்காப்பு நிலையத்து ஆட்கள். உலகமே பார்த்த அந்தப் படத்தை எடுத்தவர் அவர்களில் ஒருவரான ஜான் டேனியல்ஸ். கேமராவுக்குப் பின்னால் நின்றதால் படத்தில் அவர் இல்லை.

எங்கள் படங்களிலும், பெரியவரே, நீங்கள் ஒன்றில்கூட இல்லை. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: சாம்பல் நிற பிக்கப், வெளுத்த நீலத் தொப்பி, முழங்கால் வரை ஈர மணல்.